ஷினோவுக்கு ஓர் அடி மண்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, எழுபது கடந்தும் முதுகு வளையாமல் நடுநாயகமாக வீற்றிருக்கும் குவாஹரா குடும்பத்து யோஷிஹிகோ அவர்களே! தந்தையார் அமர்ந்த இடத்தில் அமர்ந்து, தந்தையாரைவிடச் சுருக்கமாக மந்திரம் ஓதி, அதனாலேயே ஊரார் உள்ளத்தில் இடம்பிடித்துவிட்ட இளம் பிக்கு அவர்களே! முழங்கால் மடங்க மறுப்பதால் நாற்காலி கேட்டு வாங்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! விடியுமுன் எழுந்து, சிவப்புப் பயறு வேகவைத்து, சர்க்கரை சேர்த்து மசித்து, ஒட்டும் சோற்றை உருட்டி, ஒஹாகியின் மணத்தை இந்தக் கோயில் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்திருக்கும் என் தாய்மார்களே! ஒஸாகாவிலிருந்து வந்து, பாயில் உட்கார்ந்து கால் மரத்து, எப்போது விடுவார்கள் என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகளே! பின்சுவர் அடுக்குகளில் வெள்ளைத் துணி போர்த்தி, யாரும் கூட்டிப்போக வராமல் காத்திருக்கும் எலும்புக் கலங்களே! உங்கள் எல்லாருக்கும் இந்த அகேதானி மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே வாழ்க்கைப்பட்ட மினாமி வீட்டு ஃபுஜியே தலைவணங்குகிறாள்.

தலைவர் என்னிடம் சொன்னார்: "பாட்டி, சின்னப் பசங்களுக்கு ஹிகான்னா என்னன்னு தெரியல. அஞ்சு நிமிஷம் பேசுங்க. பழைய கதையெல்லாம் வேணாம்."

பழைய கதையை விட்டுவிட்டு ஹிகானைப் பற்றிப் பேசு என்றால், உமியை விட்டுவிட்டு நெல்லைப் பற்றிப் பேசு என்பது போலிருக்கிறது. முடிந்தவரை பார்க்கிறேன்.

ஹிகான் என்றால் என்ன? அக்கரை! நாம் நிற்பது இக்கரை. நடுவிலே ஓர் ஆறு. அந்த ஆற்றை நான் பார்த்ததில்லை. பார்த்தவர் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆனால் ஆண்டுக்கு இருமுறை, பகலும் இரவும் தோளோடு தோள் உரசி ஒரே உயரத்தில் நிற்கும் நாளில், கதிரவன் வடக்கே சாயாமல் தெற்கே சாயாமல் நேர் மேற்கிலே இறங்குவான். அக்கரை இருப்பது நேர் மேற்கிலே. ஆகவே இன்று ஒரு நாள், அவன் இறங்கும் வழியிலே பார்வையைச் செலுத்தினால் அக்கரை தெரியும் என்பார்கள். இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும் என்பார்கள். இங்கே படைத்தால் அங்கே பசியாறும் என்பார்கள். அதற்காகத்தான் கல்லறைக்குப் போகிறோம். அதற்காகத்தான் களை பிடுங்குகிறோம். அதற்காகத்தான் கல்லைக் கழுவுகிறோம், பூ வைக்கிறோம், புகை ஏற்றுகிறோம். அதற்காகத்தான் அரசாங்கமே விடுமுறை விட்டிருக்கிறது!

அக்கரை போய்ச் சேர ஆறு நற்குணம் வேண்டும் என்று இப்போதுதான் பிக்கு அருளினார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கொடுப்பது என்றார், சரி. ஒழுங்கு என்றார், சரி. பொறுமை என்றார். அங்கே என் காது அடைத்துக்கொண்டது. மற்ற மூன்றும் எனக்குத் தெரியாது. பொறுமைக்கும் எனக்கும் என்றைக்கும் ஆகாது. சிரிக்காதே கத்சுஜி! கடைசி வரிசையில் இருந்தால் தெரியாது என்று நினைப்பா? உன் அப்பா என் வயல் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்ட ஆண்டு, அணையில் எந்தப் பலகையை எடுத்தார் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது.

நான் பள்ளியில் படித்தது கொஞ்சம். போர்க்காலத்துப் பள்ளி. எழுத்தைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்தோம். எழுதிவைக்கத் தெரியாதவளுக்கு மறக்க வசதியில்லை. ஆகவே எல்லாமே இங்கேதான் இருக்கிறது, இந்த நரைத்த மண்டைக்குள்ளே. இன்று அதிலிருந்து ஒன்றை எடுத்து உங்கள்முன் வைக்கப்போகிறேன். தலைவர் கோபித்துக்கொள்ளட்டும்.

என் அக்கா ஷினோவைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பெயர் தெரிகிறதா? நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மேலே இருப்பவர்கள் பாயைப் பார்க்கிறீர்கள். தெரிகிறது என்று அர்த்தம்.

என் அக்கா ஷினோ குவாஹரா வீட்டின் மூத்த மகன் எய்கிச்சிக்கு வாழ்க்கைப்பட்டாள். இங்கே தலைமை வகிக்கிறாரே யோஷிஹிகோ, இவருடைய பெரியப்பா அவர். கல்யாணம் முடிந்த குளிர்காலமே போருக்குக் கூப்பிட்டார்கள். தோளில் பட்டை கட்டி, கையில் கொடி கொடுத்து, ஊரே கூடி அனுப்பிவைத்தோம். திரும்பி வந்தது எது? வெள்ளைத் துணி சுற்றிய ஒரு மரப்பெட்டி. ஆட்டினால் சத்தம் கேட்டது. உள்ளே எலும்பில்லை, மயிரில்லை, நகமில்லை. ஒரு கூழாங்கல். எந்தக் கடற்கரையில் பொறுக்கினார்களோ, எந்தக் கை பொறுக்கிப் போட்டதோ! அந்தக் கல்லைத்தான் "எய்கிச்சி" என்று அழைத்து, அழுது, குவாஹரா வீட்டுக் கல்லறையில் வைத்தார்கள்.

போர் முடிந்த ஆண்டு. அதே ஆண்டின் இலையுதிர்கால ஹிகான். எய்கிச்சிக்கு முதல் ஹிகான். ஒஹாகி என்றால் உயிரையே விடுவார் எய்கிச்சி. சர்க்கரை எங்கே? அரிசி எங்கே? அரிசியையெல்லாம் அளந்து கொண்டுபோய்விட்டார்கள். கிமோனோவைக் கொடுத்து ஒரு படி கிழங்கு வாங்கின காலம். எய்கிச்சியின் தாய் தொரா. புலி ஆண்டில் பிறந்தவள், அதனால் புலி என்றே பெயர் வைத்தார்கள். பெயருக்குக் குறை வைக்காதவள். அந்தப் புலி ஹிகானுக்கு முன்வாரம் முழுக்க முன்னோர் மாடத்தின் முன்னே குப்புற விழுந்து கிடந்தாள்.

"மொத ஹிகானுக்கு வெறும் தண்ணியா வெப்பேன் என் புள்ளைக்கு? வெறும் தண்ணியா வெப்பேன்?"

ஷினோ அக்காவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் என்ன செய்தாள்? எங்கள் அப்பாவின் வயல் வரப்புக்கு வந்தாள். வரப்பு நெடுக இலையில்லாமல் தண்டு மட்டும் நிமிர்ந்து, தீக்கொழுந்து போல ஹிகான் பூ சிவந்து நின்றது. இன்று காலை வரும் வழியெல்லாம் நீங்கள் படம் பிடித்தீர்களே பேரப்பிள்ளைகளே, அதே பூ! அழகுக்காக நட்டதென்றா நினைத்தீர்கள்? அதன் கிழங்கு நஞ்சு. அந்த நஞ்சுக்குப் பயந்து எலியும் அகழெலியும் வரப்பைத் துளைக்காது. கல்லறையைத் தோண்டாது. வீட்டுக்குள்ளே கொண்டுவந்தால் தீப்பிடிக்கும் என்று குழந்தைகளை மிரட்டி வைத்ததும் அந்த நஞ்சுக்காகத்தான். ஆனால் கொடும்பஞ்சத்தில் அதே கிழங்கைத் தோண்டி, துருவி, துணியில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் அலசி அலசி அலசி, நஞ்சு போன பிறகு அடியில் தங்கும் வெள்ளை மாவைத் தின்று உயிர் பிழைக்கலாம் என்பதும் நம் ஊருக்குத் தெரியும்.

அக்கா அதைத்தான் செய்தாள். எங்கள் வீட்டு வாய்க்காலில் கை விறைக்க விறைக்க அலசினாள். எனக்கு அப்போது எட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "போதுமாக்கா?" என்று கேட்டால், "இன்னும் ஒரு தடவ" என்பாள். "இப்பவாவது?" என்றால், "அவருக்கு வெக்கறது, இன்னும் ஒரு தடவ" என்பாள்.

உருண்டைக்கு மாவு ஆயிற்று. மேலே பூச சிவப்புப் பயறு? ஊரில் ஒரு மணி கிடையாது. அக்கா தன் கல்யாணத் தலையணையைப் பிரித்தாள். பயறு நிரப்பிய தலையணை. கல்யாண நாளிலிருந்து அவள் தலைசாய்த்த தலையணை. அந்தப் பயற்றை வேகவைத்து மசித்தாள். சர்க்கரைக்குப் பதில் காய்ந்த பெர்சிமன் பழத்தோலை இடித்துப் போட்டாள். தாய்மார்களே, நீங்கள் காலையில் செய்தீர்களே ஒஹாகி, அதில் எத்தனை கரண்டி சர்க்கரை போட்டீர்கள்? கணக்கிருக்காது. அவள் போட்டதற்குக் கணக்கு எனக்குத் தெரியும். அவளிடம் இருந்த அத்தனையும்!

ஹிகான் நடுநாளில் மாடத்தில் படைத்தாள். ஊதுவத்தி ஏற்றினார்கள். புகை தீர்ந்ததும், படைத்ததை இறக்கி வழக்கம்போலப் பகிர்ந்து தின்றார்கள். நானும் அங்கே இருந்தேன், அம்மா கொடுத்தனுப்பிய வெள்ளைமுள்ளங்கியோடு. தொரா ஓர் உருண்டை எடுத்தாள். கண்ணை மூடினாள். இரண்டாவது எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்து, விரலில் ஒட்டியதைச் சப்பிவிட்டு, மாடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எய்கிச்சி, சாப்ட்டியா? உன் பொண்டாட்டி கைக்கு மோதிரம் போடலாம்டா."

அந்த வார்த்தையை நான் கேட்டேன். என் இந்தக் காதால் கேட்டேன். அதை வாய்விட்டுச் சொன்ன அதே பெண்பிள்ளை, அடுத்த மூச்சிலே கேட்டாள்:

"ஆமா, இவ்வளவு மாவுக்கு எங்கடி போன?"

சொல்லியிருக்கலாமே! சர்க்கரைவள்ளி என்று சொல்லியிருக்கலாமே! பக்கத்து ஊரில் மாமா கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாமே! இந்த உலகத்தில் ஒரு பொய் சொல்லத் தெரியாமலா ஒரு பெண் வளர்வாள்? என் அக்கா வளர்ந்துவிட்டாள். பாராட்டு வந்த சந்தோஷத்தில் முகமெல்லாம் பூத்துச் சொன்னாள்:

"வரப்புக் கெழங்குதாம்மா. ஹிகான் பூக் கெழங்கு. பயப்படாதீங்க, நல்லா அலசிட்டேன்."

தொராவின் கை அப்படியே நின்றது.

"என்னது?"

"நல்லா அலசிட்டேம்மா. நீங்களே மூணு சாப்ட்டீங்களே."

"வெஷத்த உருட்டியா என் புள்ள முன்னாடி வெச்ச?"

"ஊரே இதத்தானேம்மா திங்குது."

"நாம உசுரோட இருக்கறவங்கடி! ஒத்துக்கலன்னா வாந்தி எடுத்துக்கலாம். அவன் என்ன பண்ணுவான்? செத்தவன் எப்படிடி வாந்தி எடுப்பான்?"

சபையோர்களே, அந்தக் கேள்வியை இன்றுவரை நான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா?

அன்று மாலையே அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பெறாத விதவை. குடும்பப் பதிவிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். வந்து நின்றாள், கையில் மூட்டை, முகத்தில் பூத்தது இன்னும் முழுதாக வாடவில்லை. ஏன் அனுப்பினார்கள் என்பது அவளுக்கே புரியவில்லை.

நான் தொராவை மன்னித்தேனா? மன்னிக்கவில்லை. இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். பிள்ளையைக் கொன்றவன் எந்த நாட்டுக்காரன் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளையை அனுப்பியவன் வீட்டு வாசற்படி எங்கே என்று அவளுக்குத் தெரியாது. கைக்கு எட்டியது மருமகள்தான். அவளாவது தாய், துக்கத்தில் இருந்தாள். ஊருக்கு என்ன துக்கம்? அந்த ஆண்டு இந்த ஊரில் எந்த வீடு கிழங்கு தோண்டவில்லை? கத்சுஜி, உன் வீடு தோண்டவில்லையா? மறுவேனிலில் யார் யார் வரப்பை அகழெலி துளைத்துத் தண்ணீர் ஓடியது என்று சொல்லட்டுமா? கையில் கிழங்குப் பால் காயாமலே வந்து தொராவின் வாசலில் நின்று, "இப்படியும் ஒரு மருமகளா" என்று உச்சுக்கொட்டிய பெண்கள் எத்தனை பேர்! ஒருத்தி, ஒரே ஒருத்தி, "நானும் அதத்தான் தின்னேன், தொராம்மா" என்று சொல்லியிருந்தால்! வாய்க்குள்ளே அத்தனை மாவை அடைத்துக்கொண்டால் வார்த்தை எப்படி வெளியே வரும்?

அதன்பின் அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இந்தக் கூடத்தில் பாதிப்பேர் அவள் ஆக்கிப்போட்டதைத் தின்றவர்கள். மறுமணம் பேசினோம். மாட்டேன் என்றாள். ஹிகான் வந்தால் போதும், கல்லறைக் குன்றுக்குப் போகும் பாதைத் திருப்பத்தில் அரிவாளோடு நிற்பாள். புல் அறுக்கிறாளாம்! குவாஹரா வீட்டார் வாளியும் பூவுமாய் ஏறுவதைப் பார்ப்பாள். இறங்குவதைப் பார்ப்பாள். எல்லாரும் போன பிறகு வீட்டுக்கு வருவாள். ஒரு தடவை கூட அந்தக் கல்லறை எல்லைக்குள் காலை வைக்கவில்லை.

ஓர் ஆண்டு, தொராவுக்கு வயதாகிவிட்டது, தனியே ஏறிவந்தாள். திருப்பத்தில் கால் தடுமாறியது. அக்கா ஓடிப்போய் வாளியை வாங்கிக்கொண்டாள். ஒருத்தி முன்னே, ஒருத்தி பின்னே. நான் எங்கள் மினாமி கல்லறை வரிசையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் பார்த்தேன். எல்லைக்கல் வந்ததும் அக்கா நின்றாள். வாளியை இறக்கி வைத்தாள். தொரா தண்ணீர் மொண்டு கல்லைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். கழுவின இடத்தையே கழுவினாள். இப்போது சொல்வாள், இப்போது "வா" என்பாள் என்று நான் பிடுங்கிய களையைக் கையில் வைத்தபடியே காத்திருந்தேன். தொரா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"வாளியக் கீழ கொண்டுபோய் வெச்சுட்டுப் போ."

ஒரு சொல்! ஓர் எழுத்து! அதைச் சொல்ல அந்த வாய் கோணியிருக்குமா? அந்த மலை சரிந்திருக்குமா?

தொரா போய்ச் சேர்ந்தபின் நான் அக்காவிடம் சொன்னேன்.

"இனிமே யாருக்கா தடுக்கறா? போ உள்ள."

"யாரும் தடுக்கல, ஃபுஜி. யாரும் கூப்பிடவும் இல்லையே."

கடைசியில் அவள் நோயில் விழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பெட்டில இருக்கறது வெறுங்கல்லுன்னு எனக்குத் தெரியும், ஃபுஜி. இருந்தாலும் அந்தக் கல்லுக்குப் பக்கத்துல என்னைப் போட்டுடு."

போட முடிந்ததா? பிறந்த வீட்டுக் கல்லறையை என் அண்ணன் கென்சாகு திறக்கவில்லை. "கட்டிக் குடுத்த பொண்ணு, இங்க எடமில்ல" என்றான். இன்றும் அவன் கல்லுக்கு நான் ஊதுவத்தியை இடக்கையால்தான் வைக்கிறேன். புகுந்த வீட்டில், பதிவில் பெயரில்லை. என் கணவர் வீட்டுக் கல்லறையில் மனைவியின் அக்காவைச் சேர்க்க வழக்கமில்லை. மூன்று வீடு. மூன்று கல்லறை. ஒரு பிடி எலும்புக்கு ஓர் அடி மண் கிடையாது! இந்தக் கோயில் பின்சுவரில், மேலிருந்து இரண்டாவது அடுக்கில், ஓரமாக வைத்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. ஒவ்வொரு ஹிகானுக்கும் நீங்கள் எல்லாரும் குன்றுக்கு ஏறிப்போனபின் நான் இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் அவர்களே, அஞ்சு நிமிடம் ஆகிவிட்டது என்று தெரியும். மணி அடிக்க வேண்டாம். அடித்தாலும் இந்தக் காதுக்குக் கேட்காது.

போன வசந்த ஹிகானுக்குக் குவாஹரா வீட்டு வாசலுக்குப் போனேன். அதே ஒஹாகிதான், வசந்தத்தில் அதற்கு வேறு பெயர், தட்டில் எடுத்துப்போனேன். யோஷிஹிகோ, நீ நல்ல பிள்ளை, தேநீர் ஊற்றினாய். உன் பாட்டியைப் போல் இல்லை. "அக்காவ உங்க கல்லறைல வெக்கணும்" என்று கேட்டேன். என்ன சொன்னாய்?

"எனக்கொண்ணும் ஆட்சேபமில்ல பாட்டி. ஆனா பதிவுல பேரில்லையே. பசங்களையும் ஒரு வார்த்த கேக்கணும். யோசிக்கிறேன்."

இந்த நாட்டில் பிறந்த ஒருத்திக்கு அந்த "யோசிக்கிறேன்" என்றால் என்னவென்று சொல்லித்தரவேண்டுமா? வெயில் காலம் வந்தது. கேட்டேன். "யோசிச்சிட்டிருக்கேன் பாட்டி." நெல் பால் பிடித்தது. கேட்டேன். இன்னும் இனிமையாகச் சிரித்தாய். அப்புறம் கோயில் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஹிகான் முடிந்ததும் குவாஹரா வீட்டுக் கல்லறையை மூடுகிறார்கள். பிள்ளைகள் ஒஸாகாவில். மலையேற ஆளில்லை. கல்லை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை நகரத்துப் பொதுக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

தப்பென்று சொல்லமாட்டேன். ஏற முடியாதவன் என்ன செய்வான்? ஆனால் நான் அந்த அறிவிப்பின்முன் நின்றேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மறுபடி படித்தேன். அந்தக் கூழாங்கல் போய்விட்டால், ஷினோ எதன் பக்கத்தில் படுப்பாள்?

ஆகவே கேட்பதை நிறுத்திவிட்டேன்.

பெரியோர்களே! தாய்மார்களே! சற்றுத் திரும்பி அந்தப் பின்சுவரைப் பாருங்கள். மேலிருந்து இரண்டாவது அடுக்கு. ஓரம். என்ன தெரிகிறது?

ஒன்றும் தெரியாது. இடம் காலி!

இன்று காலை, நீங்களெல்லாம் பயறு மசித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் அக்கா குன்றேறிப் போய்விட்டாள். குவாஹரா கல்லறையின் முன்கல் நகர்ந்தது. நகர்த்தியது யார் என்று கேட்காதீர்கள். இந்த வயதில் நான் அரிசிப்பானை மூடியையே இரண்டு கையால் தூக்குகிறேன். பிக்குவைப் பார்க்காதீர்கள்! அவர் ஏன் தன் கைகளை அங்கியின் கைமடிப்புக்குள் வைத்திருக்கிறார் என்றும் கேட்காதீர்கள். காற்று குளிர்கிறது, அவ்வளவுதான்.

வேறு பக்கத்தில் எலும்பைக் கலத்தோடு வைப்பார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மண்ணிலேயே கொட்டுவோம். கொட்டினோம். எய்கிச்சியின் மரப்பெட்டி மக்கிப்போயிருந்தது. கல் மண்ணோடு கிடந்தது. அதன்மேல், அதைச் சுற்றி, அதன் கீழே, என் அக்கா போய் விழுந்தாள். கையால் கலந்துவிட்டேன்.

என்ன யோஷிஹிகோ, எழுந்துவிட்டாய்? பேசு. மைக்கில் பேசு, பின்வரிசைக்கும் கேட்கட்டும்.

"பாட்டி... எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமயா?"

சொன்னா நீ யோசிப்பியே, ராசா!

சிரியுங்கள், சிரியுங்கள். அவன் இன்னும் ஏதோ சொல்கிறான், கேட்போம்.

"அடுத்த மாசம் ஆளுங்க வந்து எடுக்கறப்ப, எது எங்க வீட்டு எலும்பு, எது அவங்க எலும்புன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?"

பிரிக்க முடியாது. அதுக்குத்தான் கலந்தேன்.

நீ என்ன செய்யப்போகிறாய், அதைச் சொல். இந்த அவையில் சொல். அந்த மண்ணை அள்ளி வடித்துச் சலித்து, அவளை மறுபடியும் இந்த அடுக்குக்கு அனுப்பப்போகிறாயா? பதிவைக் கொண்டுவந்து விரித்து, பெயர் இல்லை என்று காட்டப்போகிறாயா? இன்னும் யோசிக்கப்போகிறாயா?

"இல்ல பாட்டி. மொத்த மண்ணையும் எடுத்துட்டுப் போறேன். அங்க பேரு எழுதுவாங்க. சேத்து எழுதச் சொல்றேன்."

என்ன பேர்?

"ஷினோ அம்மா பேரு."

முழுப்பேர்!

"குவாஹரா ஷினோ."

இன்னும் ஒருமுறை. பின்வரிசையில் கத்சுஜிக்குக் கேட்கவில்லையாம்.

"குவாஹரா... ஷினோ."

இதோ, சபையோர்களே, பாருங்கள், குவாஹரா வீட்டுத் தலைவர் மண்டியிட்டுவிட்டார். இரண்டு கையும் பாயில். நெற்றி பாயில். என்னை நோக்கி அல்ல, அந்தக் காலி அடுக்கை நோக்கி.

உண்மையைச் சொல்கிறேன். குவாஹரா வீட்டுத் தலை ஒன்று என் அக்காவுக்கு முன்னால் தரையைத் தொடுவதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று எட்டு வயதிலே நினைத்தவள் நான். கணவர் போனபின்னும், மகன் போனபின்னும், இடுப்பு முறிந்து படுத்து எழுந்தபின்னும், இந்த ஒன்றுக்காக உயிரைக் கட்டி வைத்திருந்தேன். எப்படி இனிக்கும் என்று எத்தனையோ இரவு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பார்த்துவிட்டேன். இனிக்கவில்லை.

இது தொரா குனியவேண்டிய இடம். அவள் குனியவில்லை. இது ஷினோ பார்க்கவேண்டிய காட்சி. அவள் பார்க்கவில்லை. குனிந்திருப்பவன் அந்த ஹிகான் நாளில் பிறந்திருக்கவே இல்லை. தப்பு செய்தவர்களெல்லாம் குனியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது தேநீர் ஊற்றிக்கொடுத்த ஒரு வயதான பிள்ளையின் வழுக்கைத் தலை. இதைப் பார்த்து நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? குன்றின்மேல் அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கப்போவது ஒரு மாதம்கூட இல்லை. ஆயுள் முழுக்கத் திருப்பத்தில் நின்று அவள் பார்த்த அந்த இடத்தில், ஒரு மாதம்கூட இல்லை. அதன்பின் நகரத்து மண். பரவாயில்லை. அந்த ஒரு மாதம் அவளுடையது.

எழுந்திரு யோஷிஹிகோ. போதும். முழங்கால் வலிக்கும். யாராவது அவனுக்குக் கை கொடுங்கள். கத்சுஜி, நீ வா, நீ கொடு.

வீட்டில் யாரையாவது வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், இன்றைக்கே கூப்பிடுங்கள். அவர்கள் இக்கரையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். அக்கரைக்குக் கூப்பிட்டால் கேட்கும் என்கிறார்கள். எனக்கு இதுவரை ஒரு பதிலும் வந்ததில்லை.

ஐந்து நிமிடம் கொடுத்து, அதைப் பறித்துக்கொண்டு ஓடியபின்னும் துரத்தாமல் விட்ட தலைவருக்கு நன்றி. எதுவும் தெரியாத பிக்குவுக்கு நன்றி. எழுந்து போகாமல் இருந்து கேட்ட பேரப்பிள்ளைகளுக்கு நன்றி. அன்று வாய் திறக்காத தாய்மாரின் மகள்களுக்கு, இன்று கண் கலங்கியதற்காக, பாதி நன்றி. மீதியை அடுத்த ஹிகானுக்கு நான் இருந்தால் தருகிறேன். குவாஹரா ஷினோவின் தங்கை உங்கள் எல்லாரையும் வணங்கி மேடையிலிருந்து இறங்குகிறாள்.